சும்மா ஆறு

விளையாட்டிலிருந்து விரட்டப்பட்ட ஆறு பொன்னழகாபுரத்துக்கு வந்து சேர்ந்தது ஓர் ஆடி மாதத்துக் காலையில். பள்ளிக்கூட வேன்கள் போய், மில் பஸ் போய், பஸ் ஸ்டாண்டை ஒட்டிய வண்டி நிறுத்தத்தில் இருசக்கர வண்டிகளெல்லாம் ஒரே பக்கமாகக் கழுத்தை ஒடித்துக்கொண்டு வரிசையாக நின்ற பிறகு, அங்கே டோக்கன் கொடுக்கிற பெண் தூக்குவாளியைத் திறந்து நீராகாரம் குடிக்க உட்கார்ந்த நேரம் அது. அன்றைக்கு அவளுக்கு ஜெயமாரி என்று பேர் இருந்தது.

வெள்ளமாக வரவில்லை ஆறு. இரைச்சல் போடவில்லை. வெளியூர் பஸ்ஸிலிருந்து இறங்கி வழி தெரியாமல் நிற்கிற மனுசி மாதிரித் தயங்கித் தயங்கி, பரோட்டாக் கடைக்கும் வண்டி நிறுத்தத்துக்கும் நடுவே நுழைந்து, கடைத்தெரு வழியாகப் போய், தெற்குத் தெருவில் திரும்பி, அம்மன் கோவிலுக்கு முன்னால் கொஞ்சம் அகன்று, தீப்பெட்டி ஆபீஸ்களுக்குப் பின்னால் ஒடுங்கி, காலனித் தெருவைத் தொட்டுக்கொண்டு கடைசியில் கிளம்பின இடத்துக்கே வந்து தன் வாலைத் தானே பிடித்துக்கொண்டு ஓட ஆரம்பித்தது. ஒரு சுவரை இடிக்கவில்லை. ஒரு கோழிக்கூண்டை நகர்த்தவில்லை. தெருக்கள்தான் சத்தமில்லாமல் கொஞ்சம் ஒதுங்கி இடம் விட்டிருந்தன.

எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. லாரித் தண்ணீருக்குக் குடங்களை வரிசை போட்டே வளர்ந்த கரிசல் ஊர் அது. தண்ணீரிடம் பூர்வீகம் விசாரிக்கிற பழக்கம் அங்கே கிடையாது. எந்த வார்டில் சேரும் என்பதுதான் முதல் கேள்வி. இது ஆம்பளை ஆறா பொம்பளை ஆறா, எந்தப் பக்கம் பார்த்துக் கும்பிடுவது என்பது இரண்டாவது. மூன்றாவது கேள்வியைத் தெற்குத் தெருக்காரர்கள் கேட்டார்கள்: "மேல்பக்கம் யாருக்கு, கீழ்பக்கம் யாருக்கு?"

ஜெயமாரி ஒன்றும் கேட்கவில்லை. தூக்குவாளியைக் கையில் வைத்துக்கொண்டு, ஆற்றோடு கூடவே வந்திருந்த ஒரு மீன்கொத்தியையே பார்த்தாள். அது நேராகப் பாய்ந்து தண்ணீரைத் தொட்டு, வெறும் அலகோடு எழும்பி, பாறையில் உட்கார்ந்து, இடப்பக்கமாக ஒருதரம் தலையைச் சாய்த்தது. மறுபடியும் பாய்ந்தது, தொட்டது, எழும்பியது, உட்கார்ந்தது, இடப்பக்கமாகத் தலையைச் சாய்த்தது. அதற்கு அடுத்ததும் அப்படியே. உண்மையான எந்தப் பறவைக்கும் இல்லாத அந்த ஒழுங்கைப் பார்த்ததும் அவள் தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"அடியே, நீயா?" என்றாள் ஆற்றைப் பார்த்து. "இங்க வந்துட்டியா?"

'ஆழிநாடு' என்று ஒரு விளையாட்டு செல்போனில் இருந்தது. ஊர் ஊராக, நாடு நாடாக உட்கார்ந்திருக்கிறவர்கள் ஒரே நேரத்தில் உள்ளே போய் ஓடுவார்கள், சண்டை போடுவார்கள், புதையல் தோண்டுவார்கள். ஜெயமாரியின் புருசன் லாரி டிரைவர், மாதத்தில் பாதி நாக்பூர் ரோட்டில் இருக்கிறவன். அவன்தான் பொழுது போகட்டும் என்று அதை அவள் போனில் போட்டுக் கொடுத்தான். காலைக் கூட்டத்துக்கும் சாயங்காலக் கூட்டத்துக்கும் நடுவே வண்டி நிறுத்தத்தில் ஒரு பாலைவனம் போலப் பொழுது கிடக்கும். அந்தப் பாலைவனத்தில் அவள் கருங்குருவி என்ற பேரில் ஆழிநாட்டுக்குள் போனாள். நாள்பட நாள்பட வாளைக் கீழே போட்டுவிட்டு, நாட்டின் வடகோடியில் இருந்த ஓர் ஆற்றங்கரையிலேயே உட்கார ஆரம்பித்தாள்.

அங்கே பேய் இல்லை, புதையல் இல்லை, உட்கார்ந்தால் ஒரு புள்ளியும் ஏறாது. அதனாலேயே அங்கே ஆட்கள் வந்தார்கள். மஸ்கட்டில் நர்ஸ் வேலை பார்க்கிற பெண் வந்தாள், திண்டுக்கல்லில் பெண்சாதியை இழந்த லைன்மேன் வந்தார், யாழ்ப்பாணத்திலிருந்து பரீட்சைக்குப் படிக்காத பையன்கள் வந்தார்கள். "எங்க இருக்கிய?" என்று யாராவது கேட்டால் "சும்மா ஆத்துல" என்று பதில் எழுதுவார்கள். அதுவே அந்த ஆற்றுக்குப் பேராகிவிட்டது.

ஒருநாள் உப்புமூட்டை என்ற பேரில் ஒருத்தி வந்து பக்கத்துப் பாறையில் உட்கார்ந்தாள். பேரைப் பார்த்த கணமே ஜெயமாரிக்குத் தெரிந்துவிட்டது. சின்ன வயதில் தங்கச்சி ஆவுடையை முதுகில் உப்புமூட்டை தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனவள் அவள். அந்த ஆவுடை, காலனித் தெரு ஸ்டீபனைக் கட்டிக்கொண்டு ஓசூருக்குப் போய் ஆறேழு வருசம் ஆகியிருந்தது. "இனிமே அந்தப் பேரு இந்த நடையைத் தாண்டப்படாது" என்று அப்பா வெள்ளைச்சாமி சொன்னார். அவர் பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், வாசலில் பித்தளையில் தன் பேரை வெட்டி மாட்டியிருக்கிறவர். வீட்டில் யாரும் அந்தப் பேரைச் சொல்லவில்லை. ஆவுடையும் கோபத்தில் எல்லாருடைய நம்பரையும் அழித்து, தன் நம்பரையும் மாற்றிவிட்டாள்.

ஆற்றங்கரையில் இரண்டு பேரும் நான் இன்னார் என்று சொல்லிக்கொள்ளவே இல்லை.

"உங்க ஊர்ல மழையா?" என்று உப்புமூட்டை எழுதுவாள்.

"எங்க ஊர்ல மழை பேஞ்சா பேப்பர்ல வரும்" என்று கருங்குருவி எழுதுவாள்.

"அங்க ஒரு அம்மாவுக்கு முட்டுவலின்னு சொன்னீங்களே, எப்படி இருக்கு?"

"எண்ணெய் போடச் சொன்னா போடமாட்டேங்கு."

"போடாது. அது அப்படித்தான்."

பிறகு இரண்டு பேரும் மீன்கொத்தியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இப்படியே இரண்டு பொங்கல் கழிந்தது.

அப்புறம்தான் கம்பெனி அந்த அறிவிப்பைப் போட்டது. 'நீங்கள் ஆவலோடு கேட்ட மாபெரும் மாற்றம்' என்று ஆரம்பித்தது அது. அப்படி யாரும் கேட்டதாக யாருக்கும் ஞாபகம் இல்லை. மறுநாள் ஆறு இருந்த இடத்தில் வைர நகரம் நின்றது. கண்ணாடிக் கோபுரங்கள், பறக்கும் படிக்கட்டுகள், எந்நேரமும் கொட்டு. ஓடிக்கொண்டே இருந்தால் வைரம், ஓரிடத்தில் கொஞ்சநேரம் உட்கார்ந்தால் வெளியே தள்ளிவிடும். ஆற்றைத் திருப்பித் தா என்று ஆயிரக்கணக்கில் எழுதினார்கள். எல்லாருக்கும் ஒரே பதில் வந்தது: கும்பிட்ட கைப் படம், கூடவே ஒரு பிடி வைரம், 'விரைவில் பழகிவிடும்' என்று ஒரு வரி. வைரத்தை வாசலில் கொட்டிவிட்டு, கோபுரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூட்டமாக நின்றார்கள். 'வைர நகர வாசலில் அலைமோதும் மக்கள் வெள்ளம்' என்று கம்பெனி அதையே படம் பிடித்துப் போட்டது. உட்கார இடம் இல்லாததால் உப்புமூட்டை வரவில்லை. தங்கச்சியைத் தேட ஜெயமாரிக்கு ஒரு முகவரியும் இல்லை, ஒரு நம்பரும் இல்லை, அப்பாவுக்குப் பயந்து காலனியில் போய்க் கேட்கவும் முடியவில்லை. தினமும் கண்ணாடிக் கோபுரங்களுக்கு நடுவே ஓடி ஓடித் தேடினாள்; தேடி ஓடினதற்கும் அவள் கணக்கில் வைரம் ஏறியது. அந்த அவமானத்தில் போனை அணைத்துத் தூக்குவாளிப் பைக்குள் போட்ட மறுநாள் காலையில்தான் ஆறு ஊருக்குள் வந்தது.

ஊர் அதை எப்படி எடுத்துக்கொண்டது என்று சொல்லவேண்டும். முதல் வெள்ளிக்கிழமையே கரையில் பொங்கல் வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் வந்து ஜெபித்துவிட்டுப் போனார். அதில் துவைத்த துணி பிழிவதற்குள் காய்ந்தது. தவறி விழுந்தவர்களை ஆறு முங்கவிடாமல், தலைமுடி கலையாமல், விழுந்த இடத்திலேயே எழுப்பி நிறுத்தியது. ஈரம் கரையைத் தாண்டாது என்று தெரிந்ததும் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளிகளுக்கு மூச்சு வந்தது. தண்ணீருக்கு ருசி என்று ஒன்றும் இல்லை, ஆனால் தாகம் தீர்ந்தது. மாடுகள் முதல் நாள் சந்தேகமாக முகர்ந்துவிட்டு அடுத்த நாளிலிருந்து வேறெதையும் குடிக்கவில்லை.

மேல்பக்கச் சண்டைதான் கொஞ்ச நாள் நடந்தது. எங்கள் தெருவுக்கு வந்து மிஞ்சினதுதான் காலனிக்குப் போகவேண்டும் என்றார்கள் தெற்குத் தெருக்காரர்கள். எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் ஆறு தங்கள் தெருவைத் தாண்டி அடுத்த தெருவுக்குப் போவதாகவும் தெரிந்தது, அடுத்த தெருவிலிருந்து தங்களுக்கு வருவதாகவும் தெரிந்தது. கடைசியில் தெற்குத் தெருக்காரர் ஒருவர் வாய்த்தகராறு முற்றி, காலனிக்காரர்கள் குளிக்கிற பக்கமாகச் செருப்பைக் கழற்றித் தண்ணீரில் எறிந்தார். செருப்பு அவர்களைத் தாண்டி, தீப்பெட்டி ஆபீஸ்களைத் தாண்டி, கோவிலைத் தாண்டி, ஊரைச் சாவகாசமாகச் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கமாக வந்து அவர் காலடியிலேயே ஒதுங்கியது. அன்றோடு மேல்பக்கம் கீழ்பக்கம் என்ற பேச்சு நின்றது. அவரும் செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

பிறகு ஆட்டக்காரர்கள் வந்தார்கள். ஆற்றின் படம் எங்கெங்கோ போய்ச் சேர்ந்து, அடையாளம் கண்டு, பஸ் ஏறி வந்தார்கள். அவர்களைப் பார்த்ததும் தெரிந்துவிடும். வழி கேட்காமல், ஆச்சரியப்படாமல், நேராக நடந்துபோய் ஒரு பாறையைத் தேர்ந்தெடுத்து, தன் வீட்டு நாற்காலியில் உட்காருகிற மாதிரி உட்காருவார்கள். மஸ்கட் நர்ஸ் லீவு போட்டு வந்தாள். திண்டுக்கல் லைன்மேன் பென்ஷன் புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு, இங்கேயே வீடு பார்க்கிறதாகச் சொல்லி வந்தார். ஊர்க்காரர்கள் அவர்களைச் சும்மா ஆத்துக்காரர்கள் என்றார்கள், பரோட்டாக் கடையில் கடன் கொடுத்தார்கள்.

ஒருநாள் காலை ஜெயமாரி டோக்கன் கிழித்துக்கொண்டிருக்கும்போது எதிர்க்கரையில், காலனிக்குப் போகிற பாதையில், ஒருத்தி வந்து நின்றாள். தோளில் துணிப்பை, நெற்றியில் வேர்வை. சற்றுப் பின்னால் ஸ்டீபன், நெருங்காமல் நின்றான். அவள் பாறையில் உட்காரவில்லை.

"ஏங்க," என்று கூப்பிட்டாள். "இங்க கருங்குருவின்னு ஒருத்தங்க இருக்காங்களாமே, பாத்தீங்களா?"

ஜெயமாரி கையிலிருந்த டோக்கன் கட்டை அப்படியே ஒரு வண்டியின் சீட்டில் வைத்துவிட்டுக் கரைக்கு வந்தாள். "இருக்காங்க. நீங்க யாரு?"

"நான் உப்புமூட்டை."

"உப்புமூட்டை இம்புட்டு மெலிஞ்சா போயிருக்கும்?"

"தூக்குறதுக்கு ஆளில்லன்னா மெலியத்தான் செய்யும்."

ஆற்றின் அகலம் ஒரு லாரி நீளம்தான். ஜெயமாரி சேலையைக்கூடத் தூக்கிச் செருகாமல் இறங்கி நடந்தாள். நடு ஆற்றில் இரண்டு பேரும் இடுப்பளவுத் தண்ணீரில் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள். காலை வண்டிகளெல்லாம் டோக்கன் இல்லாமல் நிறுத்தத்துக்குள் போய்க்கொண்டிருந்தன. பால் வாங்கப் போன வெள்ளைச்சாமி அதைப் பார்த்தார். பால் செம்பை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினார்.

"ஆத்தைப் பாக்க யார் வேணும்னாலும் வரலாம்" என்றார், யாரையும் பார்க்காமல். "வீட்டைப் பாக்க வரப்படாது."

ஆவுடை காலனியில் மாமியார் வீட்டில் தங்கினாள். தினமும் அவள் அந்தக் கரைக்கு வந்தாள், இவள் இந்தக் கரையில் இருந்தாள், இரண்டாம் நாள் அம்மாவும் எண்ணெய் போட்ட முட்டியோடு மெல்ல மெல்ல இறங்கி வந்தாள். கொஞ்ச நாளைக்கு எல்லாம் இப்படியே ஓடிக்கொண்டிருந்தது, வட்டமாக.

கம்பெனி தன் ஆற்றைத் தேடி வந்துவிட்டது. நிரஞ்சன் என்று ஒரு மேலாளர், இளவயது, கம்பெனிப் பேர் போட்ட டீசர்ட், சிரித்த முகம். கோபித்துப் பேசத் தெரியாதவன். பஸ் ஸ்டாண்டில் மைக் கட்டிப் பேசினான். "இது எங்க ஆறுதான். ஆனா நாங்க எடுத்துட்டுப் போகப் போறதில்ல. உங்களுக்காக இதை இன்னும் சிறப்பா ஆக்கப் போறோம்."

"எங்களுக்கு இப்படியே போதும்" என்று கரையிலிருந்து ஜெயமாரி சொன்னாள்.

"முதல்ல எல்லாரும் அப்படித்தான் மேடம் சொல்வாங்க. நாங்க ஆராய்ச்சி பண்ணித்தான் செய்றோம். பழகிடும்."

மறுநாள் விடிந்தபோது கரை நெடுகக் கண்ணாடிக் கோபுரங்கள் நின்றன. பறக்கும் படிக்கட்டுகள் கோவில் கோபுரத்துக்கு மேலாகப் போயின, கொட்டுச் சத்தத்தில் மீன்கொத்தியைக் காணவில்லை. சின்னப்பிள்ளைகளைத் தவிர ஊரில் ஒவ்வொருவர் தலைக்கு மேலேயும் ஒரு எண் மிதந்தது. ஆற்றைச் சுற்றி நடந்தால் எண் ஏறியது, ஓடினால் வேகமாக ஏறியது, நின்றால் இறங்கியது. சைபருக்கு வந்தால் பேர் அழிந்துவிடும் என்று கோபுரங்கள் இனிமையான பெண்குரலில் சொல்லிக்கொண்டே இருந்தன.

ஊர் இதற்கும் பழகத்தான் பார்த்தது. பரோட்டா மாஸ்டர் கரண்டியும் கையுமாக ஓடினார். ஜவுளிக்கடை முதலாளி கடையை மூடிவிட்டு நடந்தார். தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் குச்சி அடுக்கிக்கொண்டே காலை ஆட்டிப் பார்த்தார்கள். அதில் எண் ஏறவில்லை, சம்பளம்தான் குறைந்தது. பொண்ணு பார்க்கப் போன இடத்தில் ஜாதகத்துக்கு முன்னால் எண்ணைக் கேட்டார்கள். படுத்த படுக்கையாய்க் கிடந்தவர்களைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு பேரன்மார்கள் ஆற்றைச் சுற்றினார்கள். ஆற்றை யாரும் பார்க்கவில்லை. அது கோபுரங்களுக்கு அடியில் கூசிப்போய் ஓடிக்கொண்டிருந்தது.

வெள்ளைச்சாமி அதிகாலையிலேயே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கினார். வேலையில் இருந்த காலத்தில் ஒரு நாள் லேட்டாகப் போகாத மனிதர், பித்தளையில் வெட்டின பேரை இழக்க ஒப்பவில்லை.

ஜெயமாரி இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் காலை வண்டி நிறுத்தத்துக்குச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டு, கண்ணாடிக் கோபுரத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே இருந்த பாறையில் போய் உட்கார்ந்தாள். தலைக்கு மேலே எண் இறங்க ஆரம்பித்தது. எதிர்க்கரையில் ஆவுடையும் ஒரு பாறையில் உட்கார்ந்தாள்.

நிரஞ்சன் ஓடி வந்தான். "மேடம், ப்ளீஸ், எழுந்திருங்க. சும்மா ரெண்டு அடி நடங்க போதும். பேர் போயிடும்."

"ஏன் தம்பி, நாங்க எழுதினதெல்லாம் படிச்சீங்களா?"

"எல்லாத்தையும் படிச்சோம் மேடம். உங்க கருத்து எங்களுக்கு முக்கியம்."

"படிச்சிட்டுமா இதைக் கட்டுனீங்க?"

அவன் சிரிக்கப் பார்த்தான். "புதுசா எது வந்தாலும் முதல்ல கஷ்டமா இருக்கும். பழகிடும்."

"இந்தா பாருங்க. அரை வயித்துக்குப் பழகியிருக்கேன், நாலு நாளைக்கு ஒரு குடம் தண்ணிக்குப் பழகியிருக்கேன், கூடப் பொறந்தவ பேரைச் சொல்லாம இருக்கப் பழகியிருக்கேன். பழகிப் பழகித்தான் இங்க வந்து உக்காந்திருக்கேன். இனிமே ஒண்ணுத்துக்கும் பழகுறதா இல்ல. நீங்க வேணும்னா எங்களுக்குப் பழகிக்கோங்க."

மதியத்துக்கு முன்னால் அவள் எண் சைபருக்கு வந்தது. வலி ஒன்றும் இல்லை. முந்தானையில் முடிந்திருந்த ஏதோ ஒன்று அவிழ்ந்து விழுந்த மாதிரி இருந்தது. வாக்காளர் அட்டையில் அவள் படத்துக்குக் கீழே வெறும் கோடு கிடந்தது. சோறு கொண்டுவந்த அம்மா கரையில் நின்று கூப்பிட வாயைத் திறந்தாள், பேர் வரவில்லை. வாயை மூடினாள், திறந்தாள்.

"ஏ மூத்தவளே," என்று கூப்பிட்டாள். "சோறு ஆறுது."

"இந்தா வாரேம்மா" என்று அவள் திரும்பினாள். அம்மாவின் முகத்தில் பயம் போய் ஒரு சிரிப்பு வந்தது. கூப்பிட்டவளுக்கும் குறையில்லை, வந்தவளுக்கும் குறையில்லை. அதற்குப் பிறகு இந்தக் கதையும் அவளை மூத்தவள் என்றுதான் சொல்ல முடியும், பின்னாலேயே பேர் போன தங்கச்சியை இளையவள் என்று.

அம்மா சோற்றுச் சட்டியை வைத்துவிட்டுத் தானும் உட்கார்ந்தாள். மஸ்கட் நர்ஸ் உட்கார்ந்தாள். லைன்மேன் உட்கார்ந்தார். கட்டில்களைத் தூக்கிச் சுமந்த பேரன்மார்கள் தோள் வலித்து இறக்கி வைத்தார்கள், இறக்கினவர்கள் மறுபடி தூக்கவில்லை. தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் கூட்டமாக வந்து, "நடந்தாலும் பேரு முதலாளிக்குத்தான்" என்று சொல்லி, காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். தெற்குத் தெருக்காரர்களும் காலனிக்காரர்களும் இடம் பார்த்து உட்காரத்தான் நினைத்தார்கள். கூட்டத்தில் இடம் கிடைத்தபடி உட்கார்ந்தார்கள். பேர்கள் ஒவ்வொன்றாகப் போயின. பரோட்டாக் கடைப் பலகை வெளுத்தது, ரேஷன் அட்டைகள் வெளுத்தன, கல்யாணப் பத்திரிகைகளில் மாப்பிள்ளையும் பொண்ணும் வெறும் பூ வேலைப்பாட்டுக்கு நடுவே வெள்ளையாக இருந்தார்கள். ஊர் நின்றுவிடவில்லை. மதினி என்றார்கள், மாப்பிள்ளை என்றார்கள், அண்ணாச்சி என்றார்கள், ஏ தெத்துப்பல்லுக்காரி என்றார்கள், அவரவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு தெருவுக்கு இன்னொரு தெருவில் இதுவரை முறை வைத்துக் கூப்பிட்டுப் பழக்கம் இல்லை. பேர் இல்லாமல் போகவும் வேறு வழியின்றி அதுவும் நடந்தது.

கோபுரங்கள்தான் தடுமாறின. பேர் இல்லாத தலைக்கு மேலே எண்ணை எங்கே ஒட்டுவது என்று அவற்றுக்குத் தெரியவில்லை. நிரஞ்சன் போனில் பெங்களூர் ஹெட் ஆபீசுக்குப் பேசிக்கொண்டே அங்குமிங்கும் நடந்தான். "ஆள் இருக்காங்க சார், நிறைய இருக்காங்க. கணக்குல ஒருத்தர்கூட இல்ல."

ஒருத்தர் இருந்தார். வெள்ளைச்சாமி நடந்துகொண்டே இருந்தார். ஒவ்வொரு சுற்றிலும் வண்டி நிறுத்தத்துக் கரையில் மூத்தவளையும் பெண்சாதியையும் தாண்டினார், பறக்கும் படிக்கட்டில் ஏறி ஆற்றைக் கடந்து காலனிக் கரையில் இளையவளைத் தாண்டினார். தாண்டும்போதெல்லாம் எதிரே இல்லாத ஏதோ பஸ்ஸைப் பார்க்கிற மாதிரி நேராகப் பார்த்தார். அவர் போகப் போகக் கண்ணாடி வாசல்கள் திறந்தன, காலடியில் வைரங்கள் விழுந்தன. கோபுரங்கள் அத்தனையும் ஒரே குரலில் முழங்கின: "முதலிடம், வெள்ளைச்சாமி! முதலிடம், வெள்ளைச்சாமி!"

முதலில் நெஞ்சு நிமிர்ந்தது. அடுத்த சுற்றில் திரும்பிப் பார்த்தார். பின்னால் ஒருவரும் வரவில்லை. முன்னாலும் ஒருவரும் போகவில்லை. ஊர் முழுக்க உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தது. இளையவள் யாருக்கோ ஊறுகாய் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். டிக்கெட் இல்லாமல் ஒரு நிறுத்தம்கூட யாரையும் போகவிடாத அந்த மனிதருக்கு, தான் எதையோ காசு கொடுத்து வாங்காமலேயே கையில் வைத்துக்கொண்டு நிற்கிற மாதிரிக் கூசியது.

"ஓடுறவன் ஒருத்தன்தான்னா," என்றார் சத்தமாக, கோபுரத்தைப் பார்த்து, "முதலிடம் என்னலே முதலிடம்?"

இளையவளுக்கு முன்னால் நின்றார். ஏறினதைவிட வேகமாக எண் இறங்க ஆரம்பித்தது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். எட்டொன்பது வருசத்துக்குப் பிறகு அவரிடம் பேசின முதல் பேச்சு அதுதான். "நிக்காதிய. பேரு போயிரும்."

"போகட்டும்."

அவர் உட்கார்ந்தார். மகளைப் பார்த்து உட்காரவில்லை, ஆற்றைப் பார்த்து உட்கார்ந்தார், ஆனால் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். எதிர்க்கரையிலிருந்து மூத்தவள் அம்மாவின் கையைப் பிடித்துத் தண்ணீர் வழியாகக் கூட்டிக்கொண்டு வந்தாள். யாரும் அழவில்லை, அம்மா மட்டும், "வெறும் வயித்தோட நடந்தா தலை சுத்தும்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்" என்று திட்டிக்கொண்டே இலையில் சோறு வைத்தாள். அவர் இரண்டாம் கவளம் எடுக்கும்போது எண் சைபருக்கு வந்தது. தெற்குத் தெருவில் அவர் வீட்டு வாசலில் இருந்த பித்தளைத் தகடு மொழுக்கென்று ஆனது. கொட்டு நின்றது. எண்ணுவதற்கு ஒருத்தரும் இல்லாமல், கோபுரங்கள் நீர்மோரில் போட்ட உப்பு மாதிரிக் கரைந்து, கரையில் ஒரு தடமும் வைக்காமல் போயின. கொஞ்சநேரம் பொறுத்து மீன்கொத்தி வந்து தண்ணீரைத் தொட்டது.

நிரஞ்சன் சிரிப்பு இல்லாத முகத்தோடு வந்தான். பெங்களூர்க்காரர்கள் பிடிவாதத்தை விட்டு இறங்கி வந்துவிட்டார்கள் என்றான். ஆழிநாட்டில் வைர நகரத்தை எடுத்துவிட்டு ஆற்றைப் பழையபடி வைத்துவிடுவார்களாம். இந்த ஆற்றையும் இனி தொடமாட்டார்களாம். ஆனால் அங்கே உள்ளே போகப் பேர் வேண்டும், எல்லாரும் எழுந்து ஒரே ஒரு சுற்று நடந்தால் பேர்களைத் திருப்பிக் கொடுத்துவிடலாமாம்.

"ஆத்தை வைங்க" என்றாள் மூத்தவள். "வைக்க வேண்டியது உங்க கடமை. நடக்கமாட்டோம்."

"ஒரே ஒரு சுற்று மேடம்."

"ஒரு அடிகூடக் கிடையாது."

அவன் கரை முழுக்கப் பார்த்தான். யாரும் அசையவில்லை. கடைசியில், பெரியவராகவும் கொஞ்சம் மரியாதைப்பட்டவராகவும் தெரிந்த அந்த ஒருவரிடம் குனிந்தான். இப்போதுதான், சற்று முன்னால்தான், கோபுரம் கோபுரமாக அவர் பேர் முழங்கியதை அவனும் கேட்டிருந்தான். ஆனால் அவனுக்கும் அது வாயில் வரவில்லை.

"சார், நீங்களாவது சொல்லுங்க. உங்க பேரை மட்டுமாவது நான் பதிஞ்சுக்கிறேன். நீங்க யாரு?"

அவர் வாயிலிருந்ததை மென்று விழுங்கினார். கையை இலையிலேயே உதறினார். ஒருதரம் இடப்பக்கம் பார்த்தார், ஒருதரம் வலப்பக்கம் பார்த்தார்.

"இவளுக ரெண்டு பேருக்கும் அப்பன்" என்றார். "எழுதிக்கோ."